சுகாதாரச் சமத்துவக் கோடைப் பாடம்: கேள்வி பதில்

பல்கலைக்கழகக் கோடைப் பாடத்தில் சுகாதாரச் சமத்துவமும் சமூகக் காரணிகளும் படிக்கிறவர்களும், சேரலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்டவை. வந்த வரிசையிலேயே பதில்.

கே: புள்ளியியல் படித்ததே இல்லை சார். சமாளிக்க முடியுமா?

முடியும். விகிதம், சதவீதம், சராசரி, ஒரு கோட்டின் சாய்வு, இவ்வளவுதான் தேவை. எக்செல் போதும். ஒரே ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்: எந்த எண்ணைக் கண்டாலும் "பகுதி எண் என்ன, அதாவது மொத்தம் எத்தனையில் இது?" என்று கேளுங்கள். 40 குழந்தைகள் இறந்தன என்றால் எத்தனை பிறப்புக்கு 40? அது தெரியாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கே: இரண்டு குழுக்களின் ஆரோக்கியத்தில் வித்தியாசம் இருந்தாலே அநீதி என்று எழுதிவிடலாமா?

கூடாது. பிரிட்டிஷ் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் சொன்ன சோதனை இன்னும் பயன்படுகிறது: அந்த வித்தியாசம் தேவையற்றதா, தவிர்க்கக்கூடியதா, நியாயமற்றதா? முதியவர்கள் இளைஞர்களைவிட அதிகம் இறப்பது வெறும் வித்தியாசம். ஒரே வயதுடைய இரு குழுக்களில், வருமானத்தைப் பொறுத்து ஆயுள் குறைகிறதென்றால் அது நம் பாடம்.

இங்கேதான் முதல் வாரத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். வசதியான வட்டாரத்தில் முதியவர்கள் அதிகம் இருந்தால் அங்கே மொத்த இறப்பு விகிதம் கூடுதலாகத் தெரியும். வயதுக் கட்டமைப்பைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் ஏழை வட்டாரம் ஆரோக்கியமானது என்ற முடிவுக்கு வந்து நிற்பீர்கள்.

கே: பயிற்சித் தாளில் குழந்தை இறப்பு விகிதம் ஏழைகளிடம் 1000-க்கு 80-லிருந்து 40 ஆனது. வசதியானவர்களிடம் 40-லிருந்து 16. ஏற்றத்தாழ்வு குறைந்ததா, கூடியதா? நண்பனுக்கு ஒரு விடை, எனக்கு ஒரு விடை.

இரண்டு பேருடையதும் சரி. கழித்துப் பாருங்கள்: முன்பு இடைவெளி 40, இப்போது 24. குறைந்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: முன்பு 2 மடங்கு, இப்போது 2.5 மடங்கு. கூடியிருக்கிறது. விகிதங்கள் இறங்கும்போது இப்படி இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவது சகஜம்.

அதனால் அறிக்கையில் இரண்டையும் தர வேண்டும், கூடவே இரு குழுக்களின் உண்மையான விகிதங்களையும். எந்த அளவுகோல் என்பதைக் கணக்குப் போடும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். போட்ட பிறகு தேர்ந்தெடுத்தால், அரசைப் பாராட்ட விரும்புகிறவர் கழிப்பார், திட்ட விரும்புகிறவர் வகுப்பார். படிக்கும்போதும் இதே சந்தேகம் இருக்கட்டும்: மடங்கு மட்டும் போட்ட அறிக்கையில் பகுதி எண்ணைத் தேடுங்கள்.

கே: கணக்கு வராதவர்கள் இந்தப் பாடத்தை எடுக்கலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கே: சரிவுக் குறியீடு எனக்கு மட்டும் மிகச் சிறிதாக வருகிறது. விகிதங்கள் ஏழ்மையிலிருந்து செல்வம் நோக்கி 50, 44, 38, 30, 28. எனக்கு 5.8, விடைத்தாளில் 29.

ஐந்து பிரிவுகளுக்கும் 1, 2, 3, 4, 5 என்று எண் கொடுத்திருக்கிறீர்கள். 5.8 என்பது ஒரு படி ஏறினால் குறையும் அளவு. சரிவுக் குறியீடு கேட்பது வேறு: மக்கள் வரிசையின் அடிமட்டத்துக்கும் உச்சிக்கும் இடையே மொத்த இடைவெளி எவ்வளவு?

மக்கள்தொகையை 0 முதல் 1 வரை ஒரு கோடாக நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரிவும் 20 சதவீதம் என்றால் அவற்றின் நடுப்புள்ளிகள் 0.1, 0.3, 0.5, 0.7, 0.9. இவற்றை எக்ஸ் அச்சிலும் விகிதங்களை ஒய் அச்சிலும் வைத்துக் கோடு பொருத்தினால் சாய்வு மைனஸ் 29; செல்வம் ஏற விகிதம் இறங்குவதால்தான் மைனஸ், இடைவெளியின் அளவு 29. அதைச் சராசரி விகிதமான 38-ஆல் வகுத்தால் 0.76, அது ஒப்பீட்டு வடிவம்.

பிரிவுகள் சமமாக இல்லாவிட்டால் நடுப்புள்ளி மாறும். 30, 25, 20, 15, 10 சதவீதம் என்றால் 0.15, 0.425, 0.65, 0.825, 0.95. அப்போது எக்செலின் ஸ்லோப் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். அது பத்து சதவீதப் பிரிவையும் முப்பது சதவீதப் பிரிவையும் ஒரே எடையில் பார்க்கும். மக்கள்தொகையை எடையாகக் கொடுங்கள். புள்ளிகள் கோட்டில் உட்காராமல் கடைசிப் பிரிவு மட்டும் பள்ளத்தில் கிடந்தால் வரைபடத்தையும் சேர்த்துத் தரவும். ஒற்றை எண் அதை மறைத்துவிடும்.

கே: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, என்ன சாப்பிடலாம்?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இந்தப் பாடம் அதற்கானது இல்லை.

கே: ஆரோக்கியத்தில் 80 சதவீதம் சமூகக் காரணிகள், 20 சதவீதம் மருத்துவம் என்கிறார்களே, முதல் பக்கத்தில் போடலாமா?

வேண்டாம். அமெரிக்க மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தும் ஒரு திட்டம் சமூக, பொருளாதார நிலைக்கு 40, பழக்கங்களுக்கு 30, மருத்துவக் கவனிப்புக்கு 20, சுற்றுப்புறத்துக்கு 10 என்று மதிப்பெண் எடை கொடுத்தது. தரவரிசைக்காக வைத்த எடை அது. ஊர் சுற்றி வந்து இயற்கை விதி மாதிரி ஆகிவிட்டது.

கே: (அதே நண்பர்) எடை சற்று முன்பின் இருக்கலாம் சார். ஆனால் சரியான சதவீதம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இல்லை. பினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட மரபணுக் குறை வேண்டும், உணவில் பினைல்அலனைன் என்ற புரதக் கூறும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தையின் மூளை பாதிக்கப்படும். மரபணுக் குறை இல்லாவிட்டால் பாதிப்பு இல்லை, ஆகவே 100 சதவீதம் மரபணு. பிறந்ததும் கண்டுபிடித்து உணவை மாற்றினால் பாதிப்பைத் தடுக்கலாம், ஆகவே 100 சதவீதம் உணவு. கூட்டினால் 200. காரணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் பங்கு பிரிக்க முடியாது.

கே: (மீண்டும் அவரே) அது அபூர்வ நோய். புகைப்பழக்கத்துக்கும் வறுமைக்குமா இது பொருந்தும்?

அங்கேதான் இன்னும் நன்றாகப் பொருந்தும். புகைப்பதை "பழக்கம்" என்ற பெட்டியில் போட்டு 30-ல் சேர்த்துவிட்டீர்கள். எந்தத் தெருவில் எத்தனை கடை, எந்த வேலையில் இடைவேளையே அதற்குத்தான், யாருக்கு விடுவதற்கான உதவி எட்டுகிறது, இதெல்லாம் 40-ன் பெட்டியில் கிடக்கிறது. ஒன்று மற்றொன்றின் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. மருத்துவமும் அப்படியே: தேவை அதிகமுள்ள இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கும் என்று 1971-ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் எழுதியதை நினைத்தால், அந்த 20-ம் சமூகக் காரணிதான். கட்டுரையில் இந்தச் சதவீதங்களைப் பங்கு போட்ட வட்ட வரைபடத்தைப் பார்த்தால் நான் மேலே படிக்க மாட்டேன். இதோடு நிறுத்துவோம்.

கே: வறுமைதான் காரணம் என்றால், வேலையும் சம்பளமும் உள்ளவர்களிடம் இந்த வித்தியாசம் இருக்கக் கூடாதே?

நல்ல கேள்வி. 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் இருந்தவர்கள் லண்டனில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, அரசின் பொது மருத்துவச் சேவை. அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இதயநோய் மரண விகிதம் உச்சநிலை அதிகாரிகளுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுவில் ஒவ்வொரு படியிலும் வித்தியாசம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த இடைவெளியின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தன் வேலையின் மீது தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது முக்கியமாக வந்தது. ஆகவே "ஏழைகள்", "மற்றவர்கள்" என்று இரண்டாக வெட்டாமல் முழுப் படிக்கட்டையும் பாருங்கள்.

கே: ஸ்டாட்ஸ் பேக்ரவுண்ட் கட்டாயமா?

இல்லை. இல்லை.

கே: செயல்திட்டத்தில் "விழிப்புணர்வு முகாம்" போடலாமா?

பத்தில் எட்டுத் திட்டம் அங்கேதான் போய் விழுகிறது. புதிய வசதி எதுவானாலும் வசதியானவர்களை முதலில் எட்டும், அதனால் தொடக்கத்தில் இடைவெளி விரியும்; பிரேசில் ஆய்வாளர் விக்டோராவும் உடனாய்வாளர்களும் 2000-ல் இதை விளக்கினார்கள். படிக்க, நேரம் ஒதுக்க, நடந்து வர முடிந்தவர்தான் முகாமுக்கு வருவார். உப்பில் அயோடின் சேர்ப்பதில் யாரும் எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, உப்பு போய்ச் சேர்ந்தால் போதும். முகாம்தான் வேண்டுமென்றால் வராதவர்கள் யார் என்று கணக்கெடுக்கும் வழியையும் எழுதுங்கள். வந்தவர் 200 என்று போட்டால் என்ன கேட்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கே: கள ஆய்வில் வருமானம் கேட்டால் யாரும் சொல்வதில்லை.

சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பருவ வேலைக்காரருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. தரை எதனால் ஆனது, கழிவறை தனியா பொதுவா, சமையலுக்கு என்ன எரிபொருள், என்னென்ன சாமான்கள் உள்ளன என்று கேட்டுச் சொத்துக் குறியீடு போடுங்கள். நகரத்தையும் கிராமத்தையும் ஒரே பட்டியலால் அளக்காதீர்கள்: நிலமும் மாடும் பட்டியலில் இல்லாவிட்டால் வசதியான விவசாயி ஏழையாகிவிடுவார்.

கே: எங்கள் பகுதியில் ஒரு பிரிவில் 3 இறப்பு, இன்னொன்றில் 6. இரண்டு மடங்கு என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அடுத்த ஆண்டு 5-ம் 4-ம் ஆகலாம். ஐந்து ஆண்டுத் தரவைச் சேருங்கள், அல்லது பக்கத்துப் பகுதிகளை இணையுங்கள், நம்பக எல்லையையும் (உண்மை விகிதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) போடுங்கள். அதோடு, 5-க்குக் கீழே உள்ள எண்களை வெளியிடும் அறிக்கையில் அப்படியே தராதீர்கள். சின்ன ஊரில் அந்த மூன்று பேர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.