முதலில் கல்லூரி பஸ்ஸைப் பாருங்கள்

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் மருத்துவமனைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். அப்பா இல்லை. தங்கை அரசுப் பள்ளியில் உயிரியல் குரூப் எடுத்து பிளஸ் டூவில் 600-க்கு 438 வாங்கியிருக்கிறாள். நீட் ஒருமுறை எழுதினாள், கிடைக்கவில்லை. நர்சிங் சேர்க்கலாம் என்று இருக்கிறோம்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமா, ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ போதும், வெளிநாடு போய்விடலாம் என்கிறார். பெங்களூரில் பி.எஸ்சி. சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். 25,000 ரூபாய் அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் இந்த வாரமே கேட்கிறார். பக்கத்துத் தெருவிலேயே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ இருக்கிறது, உடனே வேலை என்கிறார்கள். அம்மாவுக்கோ இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. ‘ஊரார் பீ, மூத்திரம் எடுக்கிற வேலைக்கா இவ்வளவு செலவு?’ என்கிறார். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதில் சேர்த்தால் மதிப்பு?

பின்குறிப்பு: ஹாஸ்டலில் செல்போன் வைத்துக்கொள்ள விடுவார்களா?

எம்., திருப்பூர்

*

அன்புள்ள தம்பி,

‘சிஸ்டர்’ என்ற வார்த்தையை முப்பத்தோரு வருஷம் வார்டில் கேட்டவள் நான். உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்ததும் எந்த பெட்டில் ட்ரிப்ஸ் முடிந்திருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றியது.

பக்கத்துத் தெரு டிப்ளமோவை முதலிலேயே கழித்துவிடுங்கள். படித்து முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். இங்கே அது தமிழ்நாடு நர்சுகள், தாதியர் கவுன்சில். 1926-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. அந்தப் பதிவேட்டில் ஏறியவர்தான் நர்ஸ். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. மூன்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு வருஷ ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ டிப்ளமோவுக்கு இல்லை. வேலை கிடைக்கும் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை, சின்ன ஆஸ்பத்திரிகளில் வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்க வைப்பார்கள். பத்து வருஷம் கழித்தும் அவள் அங்கேயே, அதே சம்பளத்தில் நிற்பாள். அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது, மேலே படிக்கவும் முடியாது. இப்படி மாட்டிக்கொண்ட பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். வேலையில் அவர்களில் பலர் கெட்டிக்காரர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.என்.எம். இரண்டு வருஷம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு. ஜி.என்.எம். மூன்று வருஷம், அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். இதற்கு எந்த குரூப் படித்திருந்தாலும் பரவாயில்லை, ஆங்கிலமும் 40 சதவீதமும் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். தங்கைக்கு அந்தத் தகுதி இருக்கிறது. கவுன்சலிங்கில் மொத்த மதிப்பெண்ணைவிட இந்தப் பாடங்களின் மதிப்பெண்தான் பேசும், அதைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

ஜி.என்.எம். முடித்தவள் அப்படியே நின்றுவிட வேண்டியதில்லை. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. நானே அந்த வழியில் வந்தவள்தான். ஜி.என்.எம். முடித்து ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது பையனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய்ப் படித்தேன். மூன்றும் இரண்டும் ஐந்து, நேராக பி.எஸ்சி. என்றால் நான்கு. ஒரு வருஷம்தான் அதிகம். அதற்கு மேல் எம்.எஸ்சி. இரண்டு வருஷம். பி.எஸ்சி. முடித்துக் குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தால்தான் எம்.எஸ்சி.யில் சேர முடியும். என்னைக் கேட்டால் அந்த ஒன்றை மூன்றாக ஆக்கிவிடுவேன். நைட் டூட்டியே பார்க்காதவர் நைட் டூட்டி பற்றிப் பாடம் எடுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

சரி, எது மதிப்பு என்று கேட்டீர்கள். படிப்பின் பெயரைவிட, அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்க நோயாளி இருக்கிறாரா என்பதுதான் மதிப்பு. இதை யாரும் கேட்பதே இல்லை. கட்டடம், பஸ், ஹாஸ்டல், ஏ.சி. வகுப்பு எல்லாம் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியைப் பார்க்கமாட்டார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. வருஷத்துக்கு 60 பேர் என்றால் நான்கு வருஷத்தில் 240 பேர். எல்லாரும் ஒரே நாளில் வார்டுக்குப் போவதில்லைதான். ஆனாலும் 100 படுக்கை எந்த மூலைக்கு? அதனால் வெளி ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் போட்டு, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள்.

நான் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் பெண்கள் மெடிக்கல் வார்டு இன்சார்ஜாக இருந்தபோது அப்படி ஒரு தனியார் கல்லூரி பஸ் வரும். காலை ஒன்பதரைக்கு வந்து நிற்கும், பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடும். முப்பத்தெட்டு பேர். பெட் மேக்கிங், காலை ஊசி, டாக்டர் ரவுண்ட்ஸ் எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது பிரஷர் பார்ப்பது மட்டும். ஒருநாள் ஏழாம் நம்பர் பெட் பாட்டி என்னைக் கூப்பிட்டு, ‘ஏம்மா, பதினோரு பேர் பிரஷர் பாத்துட்டாங்க, எனக்கு இருக்கா இல்லையா, ஒருத்தியும் சொல்ல மாட்டேங்கிறாளே’ என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நினைத்துப் பார்த்தால் அந்தப் பதினோரு பேருக்கும் லாக் புக்கில், அதாவது செய்து பழகியதைக் குறித்துவைக்கும் நோட்டில், கையெழுத்து போட்டது நான்தான்.

அந்த லாக் புக் என்ன பாடுபடுத்தும் என்பதைப் பின்னால் பார்த்தேன். நல்ல மதிப்பெண்ணோடு பி.எஸ்சி. முடித்த ஒரு பெண் புதிதாக டூட்டிக்கு வந்தாள். முதல் நைட். வயிற்றுப்போக்கில் வறண்டுபோய் வந்த ஒரு கேஸுக்கு ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். கேனுலா ஊசியைக் கையில் எடுத்தவள் அசையாமல் நிற்கிறாள். என்னவென்று கேட்டால், ‘ரப்பர் கையில்தான் சிஸ்டர் போட்டிருக்கேன்’ என்றாள். லாக் புக்கில் பத்துத் தடவை போட்டதாக இருக்கிறது. கண்ணால் தேடாதே, விரலால் தேடு என்றேன். முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தில் அழுத்திவிட்டு எடுத்தால் மெத்தென்று எழும்பும், அதுதான் நாம் நரம்பு என்று சொல்கிற ரத்தக்குழாய். ஊசியைச் சாய்வாக நுழைத்து, பின்பக்கம் ரத்தம் எட்டிப்பார்த்ததும் இன்னும் தாழ்த்தி, பிளாஸ்டிக் குழாயை மட்டும் உள்ளே தள்ளி ஊசியை உருவ வேண்டும். இரண்டாவது முயற்சியில் சரியாகவே போட்டுவிட்டாள். கையில் இறுக்கிக் கட்டிய டூர்னிகே பட்டையை அவிழ்க்க மறந்துவிட்டாள். ஊசியை உருவியதும் பெட்ஷீட் முழுக்க ரத்தம். அதோடு அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அந்த வார்டிலேயே நரம்பு கிடைக்காத கேஸுக்கு அவளைத்தான் கூப்பிட்டோம். அவள் மக்கு இல்லை. நான்கு வருஷமும் லட்சக்கணக்கான ரூபாயும் வாங்கிக்கொண்டவர்கள் கற்றுக்கொடுக்காததை ஒரு நோயாளியின் கையில் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் நர்சிங்கில் பட்டப்படிப்பு 1946-ல்தான் வந்தது, டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும். வேலூரில் அதற்கு முன்பே, 1909-லேயே, அந்த ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பாடம் எடுப்பவர்களே வார்டிலும் பொறுப்பில் இருப்பது அங்கே வழக்கம். வகுப்பில் சொன்னது வார்டில் நடக்கவில்லை என்றால் மாணவி அவரையே கேட்கலாம். எல்லாக் கல்லூரியும் வேலூர் ஆகாது. ஆனால் நீங்கள் போய்ப் பார்க்கிற கல்லூரியில், ‘டீச்சர் வார்டுக்கு வருவாரா, பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போய்விடுவாரா?’ என்று ஒரு மூன்றாம் வருஷ மாணவியைக் கேட்கலாம். ஆபீசில் கேட்காதீர்கள். காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பஸ் எப்போது கிளம்புகிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும்.

அதனால் என் முடிவு இது. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். கிடைத்தால், ஆஸ்பத்திரி இல்லாத தனியார் கல்லூரி பி.எஸ்சி.யைவிட அதையே எடுப்பேன். நோயாளிக்குப் பஞ்சமே இருக்காது. அரசுக் கல்லூரியிலோ, நிஜமான ஆஸ்பத்திரி உள்ள தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டிலோ பி.எஸ்சி. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். பி.எஸ்சி.க்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் கவுன்சலிங்கில் ஒரே விண்ணப்பத்தில் இந்த இரண்டுக்கும் போட்டியிடலாம். ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு விண்ணப்பம் தனி. இரண்டையும் போட்டுவையுங்கள்.

பெங்களூர் ஏஜென்ட் விஷயம். அங்கே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஏஜென்ட் வேண்டியதில்லை. வெளிமாநிலத்தில் படித்தால் முதலில் அந்த மாநில கவுன்சிலில் பதிவு செய்து, அப்புறம் இங்கே மாற்ற வேண்டும். அந்த அலைச்சலை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் எவரிடமும் கொடுக்காதீர்கள். என் சித்தப்பா மகளின் சர்டிபிகேட்டுகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பீரோவில் இரண்டரை வருஷம் இருந்தன. வேறு இடத்தில் அதிகச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தும் போக முடியவில்லை. கடைசியில் கல்யாணப் பத்திரிகையைக் காட்டி வாங்கிவந்தோம்.

பணத்துக்கு: ஏழரை லட்சம் வரை கல்விக்கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக்கூடாது. தங்கை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சின்ன ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு பரிந்துரைத்தது. இன்றைக்கும் அதில் பாதியை நீட்டுகிற ஆஸ்பத்திரிகள் உண்டு. அரசு வேலை எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக. ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் போட்டி. அதுவும் எடுத்தவுடன் நிரந்தரம் இல்லை. 2015-ல் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். எய்ம்ஸ் கதை வேறு. நர்ஸ் வேலைக்கு அவர்கள் வைக்கிற நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900. இந்தத் தேர்வை பி.எஸ்சி. முடித்ததும் எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். கையில் காசாகத் தெரிகிற வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

மாமா சொல்கிற வெளிநாடு நடக்கக்கூடியதுதான். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்கிற சர்டிபிகேட் சரிபார்ப்பும், ப்ரோமெட்ரிக் என்கிற கம்ப்யூட்டர் தேர்வும். பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 நிலை வரை ஜெர்மன் மொழி. படிப்பு முடித்து இரண்டு வருஷம் வார்டில் நின்ற பிறகு யோசிக்க வேண்டியதை இப்போதே யோசிக்க வேண்டாம். போகும்போது தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள்.

இத்தனை பேர் சொன்னதை எழுதினீர்கள், தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு பார்வையாளர் நேரத்தில் அவளைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த வாடையும் சத்தமும் அவளுக்கு ஒத்துவருகிறதா என்று அவளே சொல்வாள்.

அம்மா சொன்னதை மறுக்காதீர்கள். பீயும் மூத்திரமும் எடுக்கத்தான் வேண்டும். நானும் எடுத்தேன். மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிருந்தால் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது. பெட்பேன் எடுக்கிறவள்தான் அதை முதலில் பார்ப்பாள், டாக்டருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். பையில் இறங்கும் மூத்திரம் பெரியவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்டரை எழுப்ப வேண்டும். அதைப் பார்க்கத் தெரிவதற்குத்தான் இவ்வளவு செலவு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

செல்போன் விதி ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். வார்டில் விடமாட்டார்கள். அதனால் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், நொடி முள் இருக்கிறதாகப் பார்த்து. எண்கள் மட்டும் ஓடுகிற டிஜிட்டல் வேண்டாம். நாடி எண்ணும்போது முள் ஓடுவது கண்ணில் பட வேண்டும்.

அன்புடன்,
சிஸ்டர்