பழைய மீடியம் போர் (நடுத்தரக் குழாய் விட்டம்) டிராம்போன் வாங்கப்போகிறேன்: கிங் 3பி, கான் 78எச், பாக் 36, எதை எடுக்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது: பாதி நாள் ஜாஸ் பிக் பேண்டில் இரண்டாம் டிராம்போன், மீதி நாள் பிராஸ் குவின்டெட் (ஐந்து பித்தளைக் கருவிகள் சேர்ந்த குழு). இரண்டுக்கும் ஒரே கருவி வேண்டும், அதுவும் ஐம்பது, அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கருவியாக இருந்தால் நல்லது. எஃப் அட்டாச்மென்ட், அதாவது லீவரை அழுத்தினால் சுருதியை எஃப்-க்கு இறக்கும் கூடுதல் குழாயும் வால்வும், தேவையா என்பதிலும் குழப்பம்.

மாடலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் கதை. நான் வாங்கிய முதல் பழைய டிராம்போனை பெல்லில் (அகன்ற வாய்ப்பகுதியில்) செதுக்கியிருந்த பூவேலைப்பாட்டில் மயங்கித்தான் வாங்கினேன். விற்றவர் ஸ்லைடில் (முன்னும் பின்னும் இழுக்கும் குழாயில்) கிரீமைத் தாராளமாகத் தடவி வைத்திருந்தார். வாசித்துப் பார்த்த பத்து நிமிடமும் வெண்ணெயாக ஓடியது. வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்தால் நான்காம் பொசிஷனை (ஸ்லைடை நிறுத்தும் ஏழு இடங்களில் நான்காவதை)த் தாண்டியதும் கரகரவென்று பிடித்தது. என் கைதான் சரியில்லை என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்லைடைக் கழற்றினார். ஒற்றை உள்குழாயை மட்டும் அதற்குரிய வெளிக்குழாய்க்குள் விட்டு ஓட்டினார். அப்புறம் மற்றொன்றை. மேல் குழாய் வழுக்கிக்கொண்டு போனது, கீழ்க் குழாய் உரசியது. முனையைத் துடைத்துக் காட்டினார்: முலாம் தேய்ந்து உள்ளே இருந்த மஞ்சள் உலோகம் தெரிந்தது. இரண்டே நிமிடம்.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். இரண்டு குழாயும் தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்துப் போடும்போது மட்டும் பிடித்தால் குழாய்கள் இணையாக நிற்கவில்லை என்று அர்த்தம். அதை நேராக்கிவிடலாம். தனியாக விட்டாலே உரசினால் குழாய் வளைந்திருக்கும், சொட்டை விழுந்திருக்கும் அல்லது முலாம் போயிருக்கும். முதல் இரண்டும் நல்ல கைக்கு அடங்கும். முலாம் போனது அடங்காது. மறுபடி முலாம் பூசவோ உள்குழாயையே மாற்றவோ வேண்டிவரும். உள்குழாயின் கடைசிச் சில அங்குலம் கொஞ்சம் பருத்திருக்கும், அதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். வெளிக்குழாயோடு உரசுவது பெரும்பாலும் அந்த இடம்தான், தேய்வதும் அங்கேதான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், விரல் நகத்தால் தடவுங்கள். எண்ணெயோ கிரீமோ இருந்தால் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்தது காற்றுக் கசிவு. ஸ்லைடைப் பெல்லிலிருந்து பிரித்து, வளைவு கீழே இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். மவுத்பீஸ் செருகும் துளையையும் பெல்லோடு இணையும் துளையையும் விரலால் அழுத்தி மூடிக்கொண்டு பூட்டைத் திறந்துவிடுங்கள். கசிவு இல்லையென்றால் வெளி ஸ்லைடு தொங்கிக்கொண்டு நிற்கும், அல்லது மெல்ல மெல்ல இறங்கும். விரலை எடுத்ததும் சடாரென்று விழும். கீழே ஒரு கை தயாராக இருக்கட்டும்! விரல் மூடியிருக்கும்போதே விழுந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். எச்சில் வடிக்கும் சாவியின் கார்க் நைந்திருந்தாலும் இப்படி நடக்கும், அதை மாற்றுவது ஒரு வேலையே இல்லை.

பழைய பித்தளைக்கே உரிய நோய் ஒன்று உண்டு, ரெட் ராட் என்பார்கள். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன அல்லவா, அதில் துத்தநாகம் மட்டும் அரித்துப் போய்ச் செம்பு மிஞ்சும். அரிப்பு உள்ளேயிருந்து வரும். வெளியே இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி, நடுவில் கரும்பொட்டு. ஸ்லைடு வளைவிலும், சுருதி சரிசெய்ய இழுக்கும் டியூனிங் ஸ்லைடு வளைவிலும் தேடுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கொத்தாக இருந்தால் விட்டுவிடுங்கள். பெல்லில் சின்னச் சொட்டை, உரிந்த லாக்கர் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். அதைவிட, புதுசு மாதிரி பளபளக்கும் கருவியிடம்தான் எனக்குச் சந்தேகம். செதுக்கிய எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ நன்றாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், தகடும் மெலிந்திருக்கும்.

சரி, மாடல். மீடியம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது, எண்ணைக் கேளுங்கள். போர் என்பது உள்குழாயின் உள்விட்டம். கிங் 3பி 0.508 அங்குலம், கான் 78எச் 0.522, பாக் 36 0.525. மூன்றுக்கும் பெல் 8 அங்குலம். ஆர்க்கெஸ்ட்ராவில் பழகிய கான் 88எச், பாக் 42 இரண்டும் 0.547. எண்ணில் பார்த்தால் தலைமுடி அளவு வித்தியாசம், ஊதினால் நன்றாகவே தெரியும். 3பி சீக்கிரம் பேசும், மேல் ஸ்தாயியில் கூர்மையாக வரும், பிக் பேண்டில் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கேட்கும். குவின்டெட்டில் ஹார்னோடு இழைந்து போக வேண்டிய இடத்தில் அதை அடக்கிவைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 36 அதற்கு நேர்மாறு: மெதுவாக வாசித்தால் உருண்டையான நாதம், ஜாஸில் கடிக்கச் சொன்னால் தயங்கும். 78எச் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் தேவைக்கு என் ஓட்டு அதற்குத்தான், நல்ல ஸ்லைடோடு கிடைத்தால். இதெல்லாம் என் காதும் என் உதடும் சொல்வது. உங்களுடையவை வேறு சொல்லலாம்.

பெல்லில் இருக்கும் ஊர்ப் பெயர் காலத்தைச் சொல்லும். பாக் நிறுவனம் 1953-இல் நியூயார்க் நகரிலிருந்து மவுண்ட் வெர்னனுக்குப் போனது, 1961-இல் செல்மர் என்ற இசைக்கருவி நிறுவனம் அதை வாங்கியது, அறுபதுகளின் நடுவில் இந்தியானாவின் எல்கார்ட்டுக்கு வந்தது. கான் எல்கார்ட்டில் இருந்தது, எழுபதுகளில் டிராம்போன் தயாரிப்பு டெக்சஸின் அபிலீனுக்குப் போனது. கிங்கில் எச். என். வைட், கிளீவ்லேண்ட் என்று இருந்தால் பழையது. மவுண்ட் வெர்னன் பாக், எல்கார்ட் கான் என்றால் விலை ஏறும். அந்தக் கூடுதல் பணத்தை நான் ஊர்ப் பெயருக்குக் கொடுக்க மாட்டேன், ஸ்லைடுக்குக் கொடுப்பேன். ஒரே வருடத்தில் செய்த இரண்டு 78எச் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதியிருக்கிறேன், அண்ணன் தம்பி என்றே சொல்ல முடியாது.

உங்கள் மவுத்பீஸை மறக்காமல் எடுத்துப் போங்கள். இந்த மூன்றுக்கும் ஸ்மால் ஷேங்க், அதாவது கருவிக்குள் செருகும் தண்டு சிறியதாக உள்ள மவுத்பீஸ். நீங்கள் இப்போது வாசிப்பது 0.547 என்றால் கையில் இருப்பது அநேகமாக லார்ஜ் ஷேங்க்காக இருக்கும், அது உள்ளேயே போகாது. முன்கூட்டியே ஒன்றை வாங்கியோ கடன் கேட்டோ வைத்துக்கொள்ளுங்கள். செருகிய பிறகு ஆடக்கூடாது.

வாசித்துப் பார்க்கும்போது ஸ்கேல் ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். டியூனரை வைத்துக்கொண்டு முதல் பொசிஷனில் நடு சி-க்கு அடுத்த டி-யை நீளமாகப் பிடியுங்கள். அது ஐந்தாவது ஹார்மோனிக் (ஒரே குழாய் நீளத்தில் இயற்கையாக எழும் சுர வரிசையில் ஐந்தாவது), இயற்கையிலேயே சுமார் 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி நிற்கும். அதற்கு மேலே உள்ள எஃப் பல டிராம்போன்களில் கொஞ்சம் ஏறி நிற்கும். எஃப் ஏறினால் ஸ்லைடை ஒரு இழை வெளியே தள்ளிச் சரிக்கட்டலாம். டி இறங்கினால்? முதல் பொசிஷனுக்கு உள்ளே போக இடமில்லையே. சில பழைய கருவிகளில் இதற்காகவே பிடியருகே ஸ்பிரிங் வைத்திருப்பார்கள், இழுத்து அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும். அது இல்லாமல் டி மிகவும் தொங்கினால், அந்தக் கருவியோடு காலமெல்லாம் சண்டைதான்.

எஃப் அட்டாச்மென்ட் விஷயம். பிக் பேண்ட் இரண்டாம் டிராம்போனுக்கு அது இல்லாமலே ஓடிவிடும். குவின்டெட்டில்தான் கீழ் சி-யும் பி-யும் அடுத்தடுத்து வந்து, கை ஆறாம் ஏழாம் பொசிஷனுக்கு ஓடும். வால்வு இருந்தால் அவை முதலிலும் இரண்டாவதிலும் கிடைத்துவிடும். 78எச்-சையே எஃப் வால்வோடு செய்தது 79எச். இடது மணிக்கட்டில் எடை கூடும், அதையும் யோசியுங்கள். எடுப்பதானால் லீவரை அழுத்தாமல் எஃப் டியூனிங் ஸ்லைடை இரண்டு அங்குலம் வெளியே இழுத்துவிட்டு, பிறகு லீவரை அழுத்துங்கள். பொட்டென்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் வால்வோ அந்த ஸ்லைடோ கசிகிறது. வால்வு கசிந்தால் லீவரைத் தொடாமல் வாசிக்கும் சுரங்களும் சேர்ந்து மங்கும், அதனால் அப்படி ஒரு 79எச்-சைவிட வால்வே இல்லாத 78எச்-சை எடுங்கள்.