ஃப்ரெண்டு கம்பெனியில காசு போடலாமா? இந்த வாரக் கேள்விகள்

கேள்வி: அண்ணா, நான் ஷேர் மார்க்கெட்ல எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ட்ரேடிங்) எல்லாம் பண்றவன், பயமே கிடையாது. காலேஜ் ஃப்ரெண்டு ஆரம்பிச்ச கம்பெனியில 5 லட்சம் போடச் சொல்றான். போடலாம்ல?

பதில்: எஃப் அண்ட் ஓல சரிப்படலன்னா அடுத்த நிமிஷமே வித்துட்டு ஓடிரலாம் தம்பி, இங்க யார்கிட்ட விப்ப? சென்னையில ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ்ல ஆக்செல்ங்கற முதலீட்டு நிறுவனம் 10 லட்சம் டாலர் போட்டது 2011ல, கம்பெனி அமெரிக்காவோட நாஸ்டாக் ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனது 2021 செப்டம்பர்ல. ஜெயிச்ச கம்பெனிக்கே கிட்டத்தட்ட 10 வருஷம். உனக்கு இருக்கறது தைரியம், இதுக்கு வேணும்ங்கறது பொறுமை, ரெண்டும் வேற. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வச்ச காசா இருந்தா பேச்சே வேண்டாம்.

கேள்வி: பெரிய விசி (வென்ச்சர் கேப்பிடல், புதுக் கம்பெனியில காசு போடற நிறுவனங்க) எல்லாம் கண்ண மூடிட்டு போடறாங்களே சார்?

பதில்: பெரும்பாலும் அடுத்தவங்க காசுங்க அது. அதையும் 20, 30 கம்பெனிக்கு பிரிச்சுப் போடுவாங்க. 2000ல சீனாவோட ஆன்லைன் கம்பெனி அலிபாபாவுல 2 கோடி டாலர் போட்டு அள்ளின ஜப்பான் முதலீட்டு நிறுவனம் சாஃப்ட்பேங்க்தான், ஆபீஸ் இடம் வாடகைக்கு விடற வீவொர்க்ல கோடி கோடியா விட்டுச்சு, அந்த வீவொர்க் 2023 நவம்பர்ல திவால் மனு போட்டுச்சு. அவங்க தாங்கிட்டாங்க. நீங்க போடப்போறது ஒரே கம்பெனி.

கேள்வி: ஏற்கனவே 3 லட்சம் போட்டாச்சு, இன்னும் 2 போட்டாதான் கம்பெனி பிழைக்கும்றாங்க. விட்டா முதலும் போயிருமே?

பதில்: இதுல நானே மாட்டினவன். மனுஷன் எப்படி முடிவெடுக்கறான்னு ஆராய்ஞ்ச உளவியல்காரங்க கானேமனும் ட்வெர்ஸ்கியும் 1979லயே எழுதிட்டாங்க, லாபத்துல இருக்கறப்ப பத்திரமா ஒதுங்கற அதே ஆளு நஷ்டத்துல இருந்தா விட்டதப் பிடிக்கறேன்னு சூதாட இறங்கிருவான்னு. அதெல்லாம் படிச்சுட்டுதான் நானும் ரெண்டாவது தடவ காசு அனுப்பினேன், அவங்க காட்டின எக்செல்ல கடைசி வரிய மட்டும் பாத்துட்டு. அந்த இன்வெஸ்டர் வாட்ஸப் குரூப் இன்னும் என் போன்ல இருக்கு, கடைசி மெசேஜ் ரெண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கல் வாழ்த்து. அந்த 3 லட்சத்த போடவே இல்லன்னு நெனச்சுக்கோங்க, புது ஆளா இன்னைக்கு அந்தக் கம்பெனியில 2 லட்சம் போடுவீங்களா? இல்லன்னா அனுப்பாதீங்க.

கேள்வி: வீட்டுக்காரர் அவர் வேலை பாக்கற ஸ்டார்ட்டப்லயே 4 லட்சத்துக்கு ஷேர் வாங்கணும்றார். எஃப்டியே போதும்னா பயந்தாங்கொள்ளிங்கறார்.

பதில்: உங்க எஃப்டி இருக்கற தைரியத்துலதாம்மா அவர் இவ்ளோ பேசறார்! இதுல பயப்படறதுதான் சரி. ஏதாவது ஆச்சுன்னா சம்பளமும் சேமிப்பும் ஒரே நாள்ல போகும், வீட்டு இஎம்ஐ மட்டும் 5ஆம் தேதி கரெக்டா வந்து நிக்கும்.