மீதி 7 சதவீதத்தில் ஒரு பதில்

கேள்வி: பேச்சுத்திறன் பயிற்சி ஒன்றில், நாம் சொல்வதில் 93 சதவீதத்தை உடல்மொழியும் குரலுமே சொல்லிவிடுகின்றன, வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம்தான் என்றார்கள். அப்படியானால் நன்றாகத் தொடர்புகொள்ள ஒருவர் அடிப்படையாக எதைக் கற்க வேண்டும்?

பதில்: அந்த 93 இன்னும் சாகவில்லையா? இதைப் பற்றி முன்பு எழுதியபோது ஒரு பயிற்சியாளர் கொதித்துப்போய் நான்கு பக்கக் கடிதம் போட்டார். முழுக்க வார்த்தைகள். ஒரு கைச்சாடைகூட இல்லை. ஆனாலும் அவர் என்னைத் திட்டுகிறார் என்பது எனக்கு நூற்றுக்கு நூறு புரிந்தது. இப்போது நீங்கள் படிக்கிற இதிலும் என் முகம் இல்லை, குரல் இல்லை. கணக்குப்படி மீதி 93 சதவீதத்தைக் கொடுக்க நான் ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் வந்து கூடத்தில் நின்று புருவத்தை உயர்த்திக் காட்டிவிட்டுப் போக வேண்டும். மொழி தெரியாத நாட்டுப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள், 93 சதவீதம் கதை புரிந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒன்றில் 'மேபி' (ஒருவேளை) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, கூடவே முகப் புகைப்படங்களைக் காட்டி, பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். வாய் ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொன்னால் நாம் முகத்தை நம்புகிறோம், சரி, அது நம் பாட்டிகளுக்கே தெரியும். உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிப் பேசும்போது மட்டுமே தன் கணக்கு பொருந்தும் என்று அந்த மனிதரே பிறகு சொல்லிவிட்டார். ஆனால் பயிற்சிக்காரர்களின் ஸ்லைடுகளில் அந்த வரி மட்டும் ஏனோ ஏறவே மாட்டேன் என்கிறது.

முகமே தெரியாமல் ரேடியோவில் வார்த்தை போய்ச் சேர வேண்டிய ஓர் இடத்தைப் பாருங்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையம். கடும் மூடுபனி. ஓடுபாதையில் நின்ற விமானத்தின் துணை விமானி, புறப்படுகிறோம் என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டு 'ஓகே' என்கிறது. 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று அது தொடர்ந்து சொன்ன நேரத்திலேயே, அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்த இன்னொரு விமானமும் ரேடியோவில் பேச, இரண்டு பேச்சும் ஒன்றில் ஒன்று கலந்து வெறும் கீச்சொலியாகிவிட்டது. புறப்பட்ட விமானத்தில் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையான அனுமதிக்கோ அதை ரத்து செய்வதற்கோ தவிர வாயில் எடுக்கக் கூடாது என்று விதி இறுகியது. வந்த உத்தரவை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னது சரிதானா என்று உத்தரவு போட்டவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்ட அடிப்படை இதுதான். நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. 'புரிஞ்சுதா?' என்று கேட்டுவிட்டால் பார்த்ததாகாது. அந்தக் கேள்விக்கு மனித குலம் முழுக்க ஒரே பதில்தான், தலையாட்டல். 'சரி, நீங்கள் இப்போது என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்' என்று கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 12 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் 2015-இல் வெளியிட்டதைப் பார்த்தால், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது 'ஆ?', 'யாரு?', 'என்ன சொன்னீங்க?' என்று இடைமறித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்படி ஒட்டுப்போட்டுத்தான் பேச்சே ஓடுகிறது. மூச்சுவிடாமல் அருவி மாதிரி கொட்டுகிறவரைத் திறமையான பேச்சாளர் என்கிறோம், எதிரில் இருப்பவர் 'ஆ?' என்று கேட்க அவர் இடமே தருவதில்லை.

அடுத்து என் நீண்ட நாள் எதிரி, செல்போனில் வரும் அந்தக் கட்டைவிரல். அது சம்மதமா, 'பார்த்துவிட்டேன்' என்பதா, 'ஆளை விடு' என்பதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு எழுத்தாளரிடம் 'கட்டுரை இன்று வருமா, நாளையா?' என்று கேட்டேன். கட்டைவிரல் வந்தது. கட்டுரை அடுத்த வியாழக்கிழமை வந்தது.