கேஸ் மாத்திரையிலயே காலம் தள்ளலாமா? (வாசகர் கேள்வி, டாக்டர் பதில்)

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு டாக்டர். ஆறு மாசமா நெஞ்செரிச்சல், மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டா நாலு நாள் நல்லா இருக்கார், நிறுத்தினா திரும்ப வந்துடுது. இப்ப ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு முட்டிடுச்சுங்கறார். பேன்ட்டெல்லாம் லூசாயிடுச்சு. மாமனார் வயித்துல புற்றுநோய் வந்துதான் இறந்தார். வயித்து ஸ்கேன் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு. எண்டோஸ்கோபின்னா மட்டும் பயப்படறார். - வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த வாரமே எண்டோஸ்கோபிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. புற்றுநோய்னு நான் சொல்லல, வெறும் அல்சராவும் இருக்கலாம், ஆனா கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறையறது, தானா எடை குறையறது, அப்பாவுக்கு இருந்தது, வயசும் அம்பதைத் தாண்டினது, இவ்வளவும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து இருக்கும்போது உள்ள பார்க்காம மாத்திரை மட்டும் கொடுக்கறது தப்பு. ஸ்கேன் நார்மல்னு நிம்மதியா இருந்துடாதீங்க. இரைப்பையோட உள்சுவர்ல இருக்கற சின்னப் புண்ணு அல்ட்ராசவுண்ட்ல தெரியாது, நிறைய குடும்பம் இந்த இடத்துலதான் ஏமாந்து போகுது.

இன்னொண்ணு, ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், அதனால புற்றுநோய்ப் புண்ணா இருந்தாலும் எரிச்சல் அடங்கிடும், சமயத்துல புண்ணே ஆறின மாதிரி கூடத் தெரியும். அதனால எந்த மாத்திரை எத்தனை நாளா போடறார்னு அட்டையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

எண்டோஸ்கோபிக்கு வெறும் வயித்துல வரச் சொல்லுவாங்க. தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்பிரே அடிச்சு, இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, சுண்டுவிரல் தடிமன்ல ஒரு குழாயை உள்ள விடுவாங்க. குமட்டும், கண்ணுல தண்ணி வரும், மூச்சு மட்டும் அடைக்காது, ஏன்னா அது போறது உணவுக்குழாய் வழியா, மூச்சுக்குழாய் பக்கமே போகாது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். ரொம்ப பயந்தா மயக்க ஊசி கேளுங்க, அன்னைக்கு அவர் வண்டி மட்டும் ஓட்டக்கூடாது. சந்தேகமான இடத்துல சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவாங்க, எடுக்கறது வலிக்காது. சதை எடுத்தா நோய் பரவிடும்னு சொந்தக்காரங்க யாராவது சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க, பயாப்ஸி இல்லாம இந்த நோயை உறுதி பண்ணவே முடியாது.

மலம் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கருப்பா போகும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.) செலவுக்கு பயந்து தள்ளிப் போடாதீங்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில எண்டோஸ்கோபி இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல புற்றுநோய் சிகிச்சையும் வருது. புற்றுநோய் இரைப்பை உள்சுவரோட மேல்படலத்துல மட்டும் இருக்கும்போதே கண்டுபிடிச்சிட்டா சில பேருக்கு எண்டோஸ்கோபி மூலமாவே வெட்டி எடுத்துடலாம், வயித்தைத் திறக்கவே வேண்டாம். ஜப்பான்லயும் தென்கொரியாவுலயும் ஒரு தொந்தரவும் இல்லாதவங்களையே கூப்பிட்டு பரிசோதனை பண்றாங்க. நம்ம ஊர்ல அப்படி ஏற்பாடு இல்ல, நாமளாத்தான் போகணும்.

கேள்வி: எனக்கு ஹெச். பைலோரி கிருமி இருக்குன்னு வந்திருக்கு. கேன்சர் வந்துடுமா? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: வந்துடும்னு இல்ல, இந்தக் கிருமி இருக்கற பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் வர்றதே இல்ல. ஆனா இரைப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் இதுதான், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லயே இதைப் புற்றுநோயை உண்டாக்கற காரணிகள் பட்டியல்ல சேர்த்துடுச்சு. அல்சருக்குக் காரணம் கிருமிதான்னு சொன்னா யாரும் நம்பாததால, ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984ல அந்தக் கிருமியையே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவழைச்சுக்கிட்டார், 2005ல ராபின் வாரனோட சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். உங்களுக்கு 14 நாள் கோர்ஸ் கொடுத்திருப்பாங்க, வாய் கசக்குதுன்னு பாதியில விடாம முடிங்க. முடிஞ்சு நாலு வாரமாவது கழிச்சு மூச்சு டெஸ்ட் இல்ல மல டெஸ்ட் பண்ணி கிருமி போயிடுச்சான்னு பாருங்க, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி டாக்டரைக் கேட்டு கேஸ் மாத்திரையை நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டும்.

கேள்வி: காரம் சாப்பிட்டா வயித்துல புற்றுநோய் வருமா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: காரத்தைவிட உப்பைப் பாருங்க. தினமும் கருவாடு, ஊறுகாய், உப்புக்கண்டம்னு இருந்தா குறைச்சுக்கோங்க, வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சா அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.