மலை ரயிலும் திங்கட்கிழமையும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சென்ற வார இறுதியில் நண்பர்களோடு மேட்டுப்பாளையம் போய் நீலகிரி மலை ரயிலைப் படமெடுத்தேன். படங்களில் திருப்தி இல்லை. ரயில் எதிரே வரும்போது என்ஜினே தெரிவதில்லை. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஒருவர் நின்று காட்சியைக் கெடுக்கிறார். திங்களன்று அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, இந்த அலைச்சலெல்லாம் வேலையிலிருந்து ஓடி ஒளிவதுதானோ என்று தோன்றியது. ‘பழைய ரயிலைப் படம்பிடித்து என்ன ஆகப்போகிறது?’ என்று வீட்டிலும் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

கொடியோடு நிற்பவர் இருக்கும் படங்களைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நீங்கள் கொண்டுவந்தவற்றில் பெறுமதியானவை அவைதான் என்பேன்.

மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி. வெறும் சக்கரத்துக்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. அதனால் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரட்டைச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி இருக்கும். என்ஜினின் பல்சக்கரத்துக்குப் பிடி விட்டுப்போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. என்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் நிற்கும், பெட்டிகள் கழன்று சரிவில் உருண்டுவிடக்கூடாது என்பதற்காக. ஆகவே மேலே போகும்போது அது பின்னாலிருந்து தள்ளுகிறது, டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. பாறை விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்துக் கொடிகாட்டிச் சொல்பவர் அந்த முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன். அவருடைய கண்ணை நம்பித்தான் வண்டி நகர்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு, பிரேக் அவர் கையில்.

அடுத்த முறை கல்லாறில் புகைக்காகக் காத்திருக்க வேண்டாம். என்ஜினின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கீழே உள்ளது மட்டும் வேலை செய்யும். பல்சட்டம் தொடங்கும் இடத்தில் வண்டி வேகம் தளர்ந்து, பல்லோடு பல் சேர்ந்ததும், அதுவரை சும்மா இருந்த மேல் தண்டுகளும் அசையத் தொடங்கும். கீழே ஒருமுறை உழைத்த நீராவி மேலே போய் இன்னொரு முறை உழைக்கிறது. வண்டியின் சத்தமே மாறிவிடும். ஊட்டிக்குப் போகிற கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது இது நடந்து முடிந்துவிடுகிறது என்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவான இந்த எக்ஸ் வகை என்ஜின்களை இன்று நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்கிறார்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது பாலங்களும் குகைகளும் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கைத்திறனும் சேர்த்துத்தான்.

ஓடி ஒளிவதா என்று கேட்கிறீர்கள். இல்லை. மாதச் சம்பளம் இருப்பதால் உங்களுக்குப் படத்தை விற்கும் நெருக்கடி இல்லை. யாருக்கும் வேண்டாத படத்தைக்கூட எடுக்கலாம், அதைப் பொறுமையாக எடுக்கலாம். அது சின்ன விஷயமல்ல. வேல்ஸ் நாட்டில் 1865இல் சிலேட்டுக் கல் சுமக்கத் தொடங்கிய ‘டாலிலின்’ என்ற ரயில்பாதை, உரிமையாளர் 1950இல் இறந்ததும் மூடப்படும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதை எடுத்து நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். வேறு வேலையும் வீடும் உள்ள மனிதர்கள், விடுமுறை நாட்களில் வந்து தண்டவாளம் சரிசெய்தார்கள், என்ஜினுக்குக் கரி போட்டார்கள். உலகில் அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்பாதை அது. இன்றும் ஓடுகிறது.

என்ன ஆகப்போகிறது என்பவர்களிடம் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை, அந்தப் பழைய குறுகிய பாதையைச் சொல்லுங்கள். 2010இல் அது நின்றது, 2018இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. அங்குள்ள பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போகும் படம் தேடினால் எத்தனையோ கிடைக்கும். அந்தப் பாதையின் கேட் கீப்பரை, மழையில் தண்டவாளம் பார்த்து நடந்தவரைத் தேடிப் பாருங்கள். நான் தேடிக் களைத்திருக்கிறேன்.

திங்களன்று அலுவலகம் போங்கள், அதில் குற்றவுணர்வு எதற்கு? மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், என்ஜின் எண், படத்தில் இருப்பவர் செய்யும் வேலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். இவை இல்லாத படம் இருபது வருடம் கழித்து யாருக்கும் உதவாது. பிரேக்ஸ்மேன் படத்தில் ஒரு பிரதி போட்டுக் குன்னூரில் அவர் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

படமெடுக்கிறோம் என்று தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், தவிர கல்லாறு யானைகள் கடக்கும் இடம். நிலையத்திலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் கிடைப்பதே போதும். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் அடிக்கடி வண்டியை நிறுத்திவிடுவார்கள். தை பிறந்தபின் கிளம்புங்கள்.