டிக் செய்தது நாலு, வந்தது ஒன்று

கேள்வி: படிவத்தில் ஒரே பெயரில் பத்து செக்பாக்ஸ் வைத்திருக்கிறேன். நாலைந்தை டிக் செய்து அனுப்பினாலும் பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி) பக்கத்துக்குக் கடைசியில் இருப்பது மட்டும்தான் வருகிறது. மற்றவை எங்கே போகின்றன?

பதில்: எதுவும் வழியில் தொலையவில்லை. பிரவுசர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது, ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் பிஎச்பி முந்தைய மதிப்பின் மேலேயே அடுத்ததை எழுதிக்கொண்டு போய், கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது. பெயர் 'நிறம்' என்றால் அதை 'நிறம்[]' என்று மாற்றுங்கள், அவ்வளவுதான், டிக் செய்த எல்லா மதிப்புகளும் ஒரே அர்ரேவாக, அதாவது பட்டியலாக, வந்துவிடும். வாங்கும் பக்கத்தில் வெறும் 'நிறம்' போதும், அங்கே அடைப்புக்குறி வேண்டாம். ஒன்றுகூட டிக் செய்யாவிட்டால் அந்தப் பெயரே வராது, அதனால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப் ஓட்டுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஜாவாஸ்கிரிப்டில் அர்ரேவை ஜேசனாக (தகவலை எழுத்து வடிவில் எழுதும் ஒரு முறை) மாற்றி அனுப்பினால்? அப்போது படிவத் தகவல் வழக்கமாக வந்து சேரும் போஸ்ட் மாறி ($_POST) காலியாகவே இருக்கும். வந்த கோரிக்கையின் உடலை அப்படியே படித்து, நீங்களேதான் ஜேசனைப் பிரிக்க வேண்டும். பெரிய அட்டவணைகளுக்கு எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் படிவமாக அனுப்பினால் பிஎச்பி இயல்பாக 1000 உள்ளீடுகளுக்கு மேல் ஏற்காது, மிச்சத்தை வெட்டிவிடும்.